கையைப் பிரிப்பதும் ஆளுக்குப் பெயரிடுவதும்

கேம்பிரிட்ஜ் ட்ரினிட்டி கல்லூரி நூலகத்தில் ஆர்.3.2 என்று எண்ணிட்ட சுவடி ஒன்று இருக்கிறது. ஆங்கிலக் கவிஞர் சாசரின் நண்பரான ஜான் கௌவர் ஆங்கிலத்தில் இயற்றிய ‘கன்ஃபெஸ்ஸியோ அமான்டிஸ்’ என்ற நெடுங்கவிதையின் படி அது. 15-ஆம் நூற்றாண்டின் முதல் கால்பகுதியில், லண்டனில், பதப்படுத்திய தோலில் எழுதப்பட்டது. அதைப் படியெடுத்தவர்கள் தங்கள் பெயரை எங்கும் எழுதி வைக்கவில்லை. எந்த இடத்தில் ஒருவர் விட்டார், இன்னொருவர் தொட்டார் என்பதற்கும் குறிப்பு கிடையாது. 1978-இல் ஏ. ஐ. டாய்ல், எம். பி. பார்க்ஸ் என்ற இரு அறிஞர்கள் இந்தச் சுவடியைப் பக்கம் பக்கமாக ஆராய்ந்து, இதில் ஐந்து பேர் எழுதியிருக்கிறார்கள் என்று நிறுவினார்கள். அந்த ஐவருக்கும் அவர்கள் இட்ட பெயர்கள் ஏ, பி, சி, டி, இ என்ற எழுத்துகள் மட்டுமே.

அவர்கள் எழுதிய கட்டுரையைவிட வளமானவை சுவடியியலில் சிலவே உண்டு. ‘இ’ சில பக்கங்களே எழுதியிருக்கிறார். ஆனால் அவர் யார் என்று தெரியும். தாமஸ் ஹாக்லீவ் என்ற கவிஞர், அரசரின் முத்திரை அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர், 1426-இல் இறந்தவர். ‘டி’ அந்தக் கால லண்டனில் பெருமளவு படியெடுத்தவர். கௌவரின் இதே நூலுக்கே பல படிகள் அவர் கையில் இருக்கின்றன. ‘பி’ எழுதிய பகுதி சிறிதுதான். ஆனால் சாசரின் ‘கேன்டர்பரி கதைகள்’ நூலின் மிக முக்கியமான இரு படிகள், வேல்ஸ் தேசிய நூலகத்தில் உள்ள ஹெங்குர்ட் சுவடியும் கலிஃபோர்னியாவின் ஹன்டிங்டன் நூலகத்தில் உள்ள எல்ஸ்மியர் சுவடியும், அதே கையால் எழுதப்பட்டவை.

கைகளைப் பிரித்தறிவது ஒரு வேலை. பிரித்த கைக்கு உரிய ஆளைப் பெயர் சொல்லிக் காட்டுவது வேறொரு வேலை. முதலாவது, கவனமாகச் செய்தால் உறுதியான அறிவைத் தரும். இரண்டாவதற்குத் தேவைப்படும் சான்று முற்றிலும் வேறு வகையைச் சேர்ந்தது. கடந்த இருபதாண்டுகளில் சாசர் ஆய்வில் நடந்த பெரிய சச்சரவு இந்த இரண்டையும் ஒன்றாகக் கருதியதால் வந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் பிரித்தறிதல் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். பழக்கமில்லாத கண்ணுக்கு இடைக்காலச் சுவடியின் பக்கங்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். காரணம், எழுதுபவர் தன் இஷ்டப்படி எழுதவில்லை. பயிற்சியில் கற்ற ஒரு எழுத்துமுறையைப் பின்பற்றினார். 14-ஆம் நூற்றாண்டு இறுதியில் லண்டன் எழுத்தர்கள் முக்கியமாக இரண்டு முறைகளைக் கையாண்டார்கள். ஒன்று ஆங்கிலிகானா. அதில் ‘ஏ’ எழுத்துக்கு இரண்டு அறைகள். ‘ஜி’ எட்டு போல வளையும். ‘ஆர்’ வரிக்குக் கீழே நீண்டு இறங்கும். மற்றொன்று பிரான்சிலிருந்து அப்போதுதான் வந்திருந்த செக்ரட்டரி முறை. அதில் ‘ஏ’ ஒற்றை அறை கொண்டது, ‘ஆர்’ குட்டையானது, கோணங்கள் கூர்மையானவை. ஒரே ஆள் இரண்டு முறைகளிலும் எழுதத் தெரிந்தவராக இருப்பார். ஆகவே இரண்டு பக்கங்களில் எழுத்து வடிவம் வேறுபடுவதாலேயே ஆள் வேறு என்று சொல்லிவிட முடியாது. வடிவம் ஒத்திருப்பதாலேயே ஆள் ஒன்று என்றும் சொல்ல முடியாது. எழுத்துமுறை ஊருக்குப் பொது. அதை எழுதும்போது தன்னையறியாமல் ஒருவர் செய்யும் சிறு விலகல்கள்தான் அவருடைய கை.

அந்த விலகல்களைப் பிடிக்க ஆய்வாளர் இரண்டு தூரங்களிலிருந்து பார்க்கிறார். பக்கத்தைச் சற்றே தள்ளி வைத்து அதன் மொத்தத் தோற்றத்தைக் காண்பது ஒன்று: எழுத்துகள் நெருக்கமா, தளர்வா, சாய்வு எந்தப் பக்கம், வரியின் கனம் சீரானதா. பிறகு உருப்பெருக்கிக் கண்ணாடியோடு ஒவ்வொரு எழுத்தாக இறங்க வேண்டும். ஒரு எழுத்தைப் பேனா எந்தக் கோட்டில் தொடங்கியது, எந்த வரிசையில் கோடுகள் இழுக்கப்பட்டன, எங்கே பேனா தூக்கப்பட்டது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு எழுத்துகள் வேறு வேறு கோட்டு வரிசையில் உருவாகியிருக்கலாம். வடிவத்தைப் பார்த்துப் போலி செய்யலாம். கையின் நடையைப் போலி செய்வது மிகக் கடினம். ஹாக்லீவின் ‘டபிள்யூ’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பேனாவைச் சுழற்றி ஒரு வட்டம் போட்டு, அதனுள்ளே 2 என்ற இலக்கம் போல ஒரு வளைவைச் செருகுவார். இதோடு அவருடைய தட்டையான தலை கொண்ட ‘ஜி’, பின்னால் சுருண்டு மேலேறும் வால் கொண்ட ‘ஒய்’ ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தால், பல நூறு பக்கங்களுக்கு நடுவிலும் அவர் எழுதிய பக்கம் தனித்துத் தெரியும். இந்த மூன்றில் ஏதாவது ஒன்று மட்டும் இருந்தால் போதாது. ஒற்றை அடையாளம் பலரிடம் இருக்கும். அடையாளங்களின் சேர்க்கைதான் ஒருவருக்கு உரியது.

ட்ரினிட்டி சுவடியில் கைகள் மாறும் இடங்கள் பெரும்பாலும் தாள்கட்டுகளின் எல்லையோடு ஒத்துப்போகின்றன. தோலை மடித்து, பொதுவாக எட்டு இதழ்கள் கொண்ட கட்டாகத் தைத்து, அப்படிப்பட்ட கட்டுகளைச் சேர்த்துத்தான் நூல் உருவானது. ஒருவர் ஒரு கட்டை முடித்ததும் அடுத்தவர் தொடங்கினார் என்றால் அதில் வியப்பில்லை. ஆனால் டாய்லும் பார்க்ஸும் கண்டது வேறு: மூலப்படியைப் பிரித்துப் பகுதி பகுதியாக ஐவரிடமும் கொடுத்திருக்கிறார்கள், அவர்கள் ஏறக்குறைய ஒரே காலத்தில் தனித்தனியே எழுதியிருக்கிறார்கள். வேலை முழுவதையும் ஒருவர் மேற்பார்வையிட்டுச் சீராக்கினார் என்பதற்கு அடையாளம் இல்லை. அதுவரை அறிஞர்கள் பலர் லண்டனில் பெரிய எழுத்துக்கூடங்கள் இருந்தன என்றும், அங்கே ஒரே கூரையின் கீழ் எழுத்தர்கள் வரிசையாக உட்கார்ந்து இலக்கிய நூல்களைப் படியெடுத்தார்கள் என்றும் எண்ணி வந்தார்கள். அந்தச் சித்திரம் இந்த ஒரு சுவடியைப் பார்த்ததும் உடைந்தது. நூல் கேட்டவருக்காக ஒருவர் பொறுப்பேற்று, தெரிந்த எழுத்தர்களுக்கு வேலையைப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறார். ஹாக்லீவ் போல அரசு அலுவலகத்தில் சம்பளம் வாங்குபவரும் பக்கவேலையாகச் சில பக்கங்கள் எழுதியிருக்கிறார். ஹாக்லீவ் தவிர மற்றவர்களின் பெயர் தெரியாமலே, பெரும்பாலும் கைகளைப் பிரித்ததால் கிடைத்த வரலாறு இது.

கை மாறுவது சில சுவடிகளில் பக்கத்தின் நடுவிலேயே தெரியும். பழைய ஆங்கிலக் காவியமான ‘பேயோவுல்ஃப்’ ஒரே ஒரு சுவடியில்தான் எஞ்சியிருக்கிறது. ஏறத்தாழ கி.பி. 1000-ஐ ஒட்டி எழுதப்பட்ட அது இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. 1731-இல் லண்டனில் நடந்த தீ விபத்தில் விளிம்புகள் கருகின. இதில் 1939-ஆம் அடியில் முதல் எழுத்தர் நிறுத்துகிறார். அடுத்த சொல்லிலிருந்து இரண்டாமவர். முதலாமவர் புதிய பாணியில் எழுதுகிறார், இரண்டாமவர் பழைய பாணியில். இருவரின் எழுத்துக்கூட்டலும் வேறு: முதலாமவர் பெரும்பாலும் ‘இஓ’ என்ற இரட்டை உயிரை எழுதும் இடங்களில் இரண்டாமவர் அடிக்கடி ‘ஐஓ’ என்று எழுதுகிறார். இரண்டாமவர் பின்னோக்கிப் போய் முதலாமவரின் பகுதியிலும் பிழை திருத்தியிருக்கிறார். அவர்கள் யார், எந்த மடம், ஏன் நடுவில் மாறினார்கள் என்பதெல்லாம் யாருக்கும் தெரியாது. ஆனாலும் காவியத்தின் சொல்வடிவங்களை ஆராயும் எவரும் 1939-ஆம் அடியைக் கவனிக்காமல் ஒரு வாக்கியமும் எழுத முடியாது. எது கவிஞருடையது, எது எழுத்தருடையது என்ற கேள்விக்கு அந்த எல்லைக்கோடுதான் முதல் விடை.

எழுத்துக்கூட்டலைப் பற்றிச் சொன்னதால் ஒரு எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. 1982-இல் ராய் வான்ஸ் ராம்சே என்ற அறிஞர், ஹெங்குர்ட்டும் எல்ஸ்மியரும் ஒரே ஆள் எழுதியவை அல்ல என்று வாதிட்டார். இரண்டிலும் சொற்களின் எழுத்துக்கூட்டல் வேறுபடுகிறது, சுருக்கக் குறிகள் வேறுபடுகின்றன, நிறுத்தக் குறிகளின் பழக்கமும் ஒன்றல்ல என்பது அவர் வாதம். எண்ணிக்கைகளை அடுக்கிக் காட்டினார். அடுத்த ஆண்டே எம். எல். சாமுவேல்ஸ் மறுத்தார். ஒருவரின் எழுத்துக்கூட்டல் ஆண்டுகள் செல்லச் செல்ல மாறும். முன்னால் வைத்துப் பார்த்து எழுதும் மூலப்படியும் அதைப் பாதிக்கும். மாற்றம் ஒரே திசையில் படிப்படியாக நிகழ்ந்திருந்தால் அது இரண்டு ஆட்களின் அடையாளமாகாது, ஒருவரின் காலமாற்றத்தின் அடையாளம். என் பார்வையில் சாமுவேல்ஸின் பக்கமே வலுவானது. பேனாவின் நடை இரண்டு சுவடிகளிலும் ஒன்று. ஆனால் ராம்சே எழுப்பிய கேள்வி வீணாகவில்லை. எழுத்தரின் கண் மூலப்படியில் இருக்கிறது, கை தன் பழக்கத்தில் இருக்கிறது. எழுத்துக்கூட்டலில் இரண்டும் கலந்துவிடும். ‘டி’ எழுத்தரின் படிகளில் இங்கிலாந்தின் தென்மேற்கு மத்தியப் பகுதி வட்டார வழக்கின் தடயங்கள் திரும்பத் திரும்ப எட்டிப் பார்ப்பதை ஜெரமி ஸ்மித் காட்டியிருக்கிறார். கௌவரின் மொழியைப் படியெடுத்தாலும் சாசரின் மொழியைப் படியெடுத்தாலும் பிறந்த ஊரின் பேச்சு அங்கங்கே கசிகிறது. அவர் பெயர் தெரியாது. எந்தப் பக்கத்து ஆள் என்பது தெரியும்.

இனி பெயரின் கதைக்கு வருவோம். சாசர் எழுதியதாகச் சொல்லப்படும் ஏழு அடிப் பாடல் ஒன்று உண்டு. அதில் கவிஞர், ஆதம் என்ற தன் படியெழுத்தரைத் திட்டுகிறார்: போயத்தியசின் நூலுக்கு நான் செய்த மொழிபெயர்ப்பையோ நான் எழுதிய ட்ராய்லஸ் கதையையோ இனி நீ எழுத நேர்ந்தால், நான் சொன்னபடியே எழுதாவிட்டால் உன் தலையில் சொறி பிடிக்கட்டும், உன் அவசரத்தாலும் அலட்சியத்தாலும் நான்தான் தோலைச் சுரண்டிச் சுரண்டித் திருத்த வேண்டியிருக்கிறது என்கிறது பாடல். ஜான் ஷர்லி என்பவர் எழுதிய ஒரே கையெழுத்துச் சுவடியில் இது கிடைக்கிறது. அந்த ஆதம் யார் என்று தேடாத சாசர் அறிஞர் இல்லை.

2004-இல் லின் மூனி என்ற பேராசிரியர் விடை கிடைத்துவிட்டது என்று அறிவித்தார். 2006-இல் ‘ஸ்பெகுலம்’ இதழில் விரிவான கட்டுரை வந்தது. லண்டன் பத்திர எழுத்தர் சங்கத்தின் பழைய பதிவேட்டில், உறுப்பினராகச் சேர்ந்தவர்கள் தங்கள் கையாலேயே உறுதிமொழி எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் ஆதம் பிங்க்ஹர்ஸ்ட். லத்தீனில் சில வரிகள், பகட்டான அலங்காரங்களோடு. அந்தக் கையும் ஹெங்குர்ட், எல்ஸ்மியர் சுவடிகளின் கையும் ஒன்று என்றார் மூனி. எழுத்துகளின் வடிவத்தோடு, பெரிய எழுத்துகளின் ஓரத்தில் இரட்டைச் சாய்கோடும் புள்ளியுமாக வரும் அலங்காரத்தையும் சான்றாகக் காட்டினார். 1388 வாக்கில் லண்டன் துணி வணிகர்கள் அரசவைக்கு ஆங்கிலத்தில் எழுதிய புகழ்பெற்ற முறையீட்டையும் இதே கையோடு சேர்த்தார். உலகச் செய்தித்தாள்கள் இதைக் கொண்டாடின. இதற்குக் காரணம் எளிது. பாடலில் ஆதம், பதிவேட்டில் ஆதம், சாசரின் சிறந்த படிகளில் அதே கை. எல்லாம் சரியாகப் பொருந்தின.

பொருந்தியதன் விளைவு பெரியது. கேன்டர்பரி கதைகளைச் சாசர் முடிக்காமலே 1400-இல் இறந்தார். ஹெங்குர்ட் சுவடியில் கதைகளின் வரிசை குழம்பியிருக்கிறது, மையின் நிறம் மாறுகிறது, இடைவெளிகள் விடப்பட்டிருக்கின்றன, சமையற்காரனின் கதை பாதியில் நிற்க, சாசர் இதற்கு மேல் எழுதவில்லை என்று எழுத்தரே பக்க ஓரத்தில் குறித்திருக்கிறார். நூலின் பகுதிகள் அவருக்குத் துண்டு துண்டாக வந்து சேர்ந்தன என்பது தெளிவு. அந்த எழுத்தர் கவிஞரின் சொந்த ஆதம் என்றால், அவர் குறிப்புக்குக் கவிஞரின் வாய்மொழி மதிப்பு வந்துவிடும். சுவடியே சாசர் உயிரோடிருந்த காலத்தில் தொடங்கப்பட்டதாக இருக்கலாம். அவர் வேறு யாரோ என்றால், கவிஞர் இறந்தபின் கிடைத்த தாள்களோடு போராடிய ஒரு தொழிலாளியின் யூகம்தான் அது. எண்பதுக்கும் மேற்பட்ட சுவடிகளில் எதை நம்பிப் பதிப்பிப்பது என்ற கேள்வி ஒரு பெயரில் தொங்கியது.

எதிர்ப்பு மெல்லத்தான் வந்தது. 2011-இல் ஜேன் ராபர்ட்ஸ், பிங்க்ஹர்ஸ்டின் உறுதிமொழியையும் ‘பி’ எழுத்தரின் பக்கங்களையும் மறுபடி ஒப்பிட்டு, மூனி சொன்ன ஒற்றுமைகள் அக்கால எழுத்தர்களிடையே பரவலாக இருந்தவை என்று காட்டினார். அடுத்த ஆண்டு ஏ. எஸ். ஜி. எட்வர்ட்ஸ் அந்த ஏழு அடிப் பாடல் சாசருடையதுதானா என்றே ஐயம் எழுப்பினார். 2018-இல் லாரன்ஸ் வார்னர் ஒரு முழு நூலே எழுதினார். பிங்க்ஹர்ஸ்ட் ‘பி’ அல்ல என்பது அதன் முடிவு.

நான் இந்த ஐயத்தின் பக்கம் நிற்கிறேன். பதிவேட்டின் உறுதிமொழி லத்தீனில் இருக்கிறது, சடங்குக்குரிய பகட்டோடு எழுதப்பட்டது, சில வரிகளே கொண்டது. கதைகளின் சுவடிகள் ஆங்கிலத்தில், நூலுக்குரிய நிதானமான எழுத்தில், நூற்றுக்கணக்கான பக்கங்களாக இருக்கின்றன. ஆங்கிலத்தில் மட்டும் வரும் எழுத்துகள், சொல்லிறுதிப் பழக்கங்கள், எழுத்துக்கூட்டல் ஆகிய எதையும் லத்தீன் வரிகளோடு ஒப்பிட முடியாது. எஞ்சுவது அலங்காரமும் சில எழுத்து வடிவங்களும். அலங்காரம் என்பது கற்றுக்கொண்டு செய்வது, பிறரைப் பார்த்தும் செய்வது. முன்னே சொன்ன தன்னையறியாத விலகல்களில் அது சேராது. ஆதம் என்ற பெயர் மட்டும் பாடலில் இல்லாதிருந்தால் இந்தச் சில வரிகளை வைத்து யாரும் இவ்வளவு துணிந்திருக்க மாட்டார்கள். பெயர் ஒத்துப்போனதால் கையின் ஒற்றுமை கூடுதலாகத் தெரிந்தது. கை ஒத்ததாகத் தெரிந்ததால் பெயரின் ஒற்றுமை தற்செயலாகப் படவில்லை. இரண்டு பலவீனமான சான்றுகள் ஒன்றையொன்று தாங்கி நிற்கும்போது, அவற்றைத் தனித்தனியே நிறுத்திப் பார்ப்பது ஆய்வாளரின் கடமை.

ஹாக்லீவின் நிலையோடு இதை ஒப்பிடுங்கள். அவருடைய சொந்தக் கவிதைகளை அவரே எழுதிவைத்த மூன்று சுவடிகள் இருக்கின்றன. முத்திரை அலுவலகத்துக்காக அவர் தொகுத்த மாதிரிக் கடிதங்களின் பெரிய ஏடும் இருக்கிறது. 1937-இலேயே எச். சி. ஷுல்ஸ் அவர் கையின் இயல்புகளை வரையறுத்துவிட்டார். ஒப்பிட ஆயிரக்கணக்கான வரிகள் உண்டு, ஒரே மொழியில், ஒத்த எழுத்துமுறையில். அதனால்தான் ட்ரினிட்டி சுவடியின் அந்தச் சில பக்கங்களுக்கு அவர் பெயரைத் தயங்காமல் சொல்ல முடிகிறது. இவ்வளவு நல்ல அடித்தளம் இருந்தும் 2011-இல் அவருடையது என்று புதிதாகச் சேர்க்கப்பட்ட இன்னொரு சுவடி, அவருடையதல்ல என்று நான்கு ஆண்டுகளில் மறுக்கப்பட்டது. பெயர் சூட்டும் வேகத்தில், 2013-இல் மூனியும் எஸ்டெல் ஸ்டப்ஸும் ‘டி’ எழுத்தரை லண்டன் நகர மன்றத்தின் எழுத்தர் ஜான் மார்ச்சன்ட் என்று அடையாளப்படுத்தினார்கள். இலக்கியச் சுவடிகளின் பிறப்பிடமே நகர மன்றம் என்ற பெரிய கோட்பாடு அதன்மேல் எழுந்தது. வார்னர் அதையும் மறுத்திருக்கிறார்.

கணினி இந்தச் சண்டையைத் தீர்த்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். சாக்கடல் சுருள்களில் ஒன்றான ஏசாயாப் பெருஞ்சுருளை நெதர்லாந்தின் கிரோனிங்கன் பல்கலைக்கழகத்தினர் கணினியால் ஆராய்ந்து 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். ‘அலெஃப்’ என்ற எழுத்து வரும் ஆயிரக்கணக்கான இடங்களை அளந்து, சுருளின் 54 பத்திகளில் ஏறக்குறைய பாதியில் கை மாறுகிறது என்றார்கள். மனிதக் கண்ணுக்கு இரண்டு கைகளும் ஒன்றுபோலவே தெரிந்தவை. மிகச் சிறந்த வேலை. ஆனால் அது செய்தது பிரித்தறிதலைத்தான். ஒப்பிடுவதற்குப் பெயரிட்ட மாதிரி இல்லாத இடத்தில் எந்தக் கருவியும் பெயர் சொல்லாது. சில வரி லத்தீன் உறுதிமொழியைக் கணினிக்குக் கொடுத்தாலும் அது சில வரிகளாகவே இருக்கும்.

பெயரில்லாத கையை எவ்வளவு நெருக்கமாக அறிய முடியும் என்பதற்கு ஊஸ்டர் பேராலயத்தின் நடுங்கும் கை சாட்சி. 13-ஆம் நூற்றாண்டில், பழைய ஆங்கிலம் யாருக்கும் புரியாமல் போய்க்கொண்டிருந்த காலத்தில், அங்கிருந்த ஒருவர் ஏறத்தாழ 20 பழஞ்சுவடிகளைத் தேடிப் படித்து, வரிகளுக்கு நடுவே கடினமான சொற்களுக்கு லத்தீனிலும் தன் கால ஆங்கிலத்திலும் பொருள் எழுதி வைத்தார். அவர் கை நடுங்கியது. ஒவ்வொரு கோடும் அலையாகப் போகிறது, எழுத்துகள் இடப்பக்கம் சாய்கின்றன. அந்த நடுக்கத்தாலேயே எந்தச் சுவடியில் இருந்தாலும் அவரைக் கண்டுபிடித்துவிடலாம். கிறிஸ்டின் ஃபிரான்ஸன் அந்தக் கையின் பல நிலைகளைப் பிரித்து, எதை முன்னே படித்தார், எதைப் பின்னே படித்தார் என்று வரிசைப்படுத்தினார். 2015-இல் டெபோரா தார்ப் என்ற சுவடியியலாளரும் ஜேன் ஆல்டி என்ற நரம்பியல் மருத்துவரும் சேர்ந்து ‘பிரெய்ன்’ மருத்துவ இதழில், அது பரம்பரையாகவும் வரக்கூடிய சாதாரண நடுக்க நோயாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று எழுதினார்கள். எழுதத் தடுமாறிய ஒருவர், அழிந்துகொண்டிருந்த ஒரு மொழியைக் காப்பாற்ற ஆண்டுக்கணக்கில் எழுதியிருக்கிறார். அவர் படித்த நூல்கள் தெரியும், அவர் தவறாகப் புரிந்துகொண்ட சொற்கள் தெரியும், அவர் நோய் எதுவாக இருந்திருக்கும் என்பதும் ஓரளவு தெரியும். பெயர் தெரியாது. அவரைப் பற்றிய ஆய்வு அதனால் எதையும் இழக்கவில்லை.

பிங்க்ஹர்ஸ்ட் வழக்கு இன்னும் முடிந்துவிடவில்லை. மூனியின் முடிவை ஏற்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்; பதிப்புகளிலும் பாடநூல்களிலும் அந்தப் பெயர் பதிந்துவிட்டது. வழக்கைத் தீர்க்க வேண்டிய சான்று என்னவென்று மட்டும் திட்டமாகச் சொல்லலாம்: ஆதம் பிங்க்ஹர்ஸ்ட் என்று கையொப்பமிட்ட, ஆங்கிலத்தில் எழுதிய, நிதானமான எழுத்தில் அமைந்த, சில பக்கங்களாவது நீளும் ஒரு பத்திரம் அல்லது கணக்கு. லண்டன் ஆவணக் காப்பகங்களில் பிரித்துப் பார்க்காத தோல் கட்டுகள் இன்னும் உண்டு. அப்படி ஒன்று வெளிவந்தால் அதன் ‘ஜி’களையும் ‘டபிள்யூ’களையும் ஹெங்குர்ட்டோடு வைத்து எண்ணலாம். அதுவரை 1978-இல் டாய்லும் பார்க்ஸும் வைத்த பெயரையே, ‘பி’ என்ற ஒற்றை எழுத்தையே, பதிப்பாசிரியர்கள் அச்சிட வேண்டும்.